மடியில் தூங்குகிறான், பாயில் விட்டால் முழித்துக்கொள்கிறான்

போன மாதம் தாய்ப்பால் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பேர் கேட்டிருப்பது வேறு விஷயம், கைக்குழந்தைகளின் பகல் தூக்கம். மும்பையில் இருக்கிற நம் பெண்களுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய பாடாகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஊரில் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று பிள்ளை மடி மாறி மடி போய்க்கொண்டிருக்கும், இங்கே இருப்பது ஒரே மடி. முப்பது வருடம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன், செம்பூரில் ஒன் ரூம் கிச்சனில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், அதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு மூன்றரை மாதம். இரவு ஓரளவு தூங்கிவிடுகிறான், பகலில்தான் போராட்டம். மடியில் போட்டுத் தட்டினால் தூங்குகிறான், கீழே விட்டால் உடனே கண்ணைத் திறந்துவிடுகிறான். தப்பித் தவறித் தூங்கினாலும் அரை மணி நேரம்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், தூளி கட்டினால் மூன்று மணி நேரம் தூங்குவான் என்கிறார். வாடகை ஃபிளாட், மேலே கொக்கியே கிடையாது. கணவரின் ஆபீஸில் யாரோ, அழவிட்டுப் பழக்கினால் நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்களாம். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. என்ன செய்வது? (ஓர் அம்மா, முலுண்ட்)

பதில்: முதலில் அந்த அரை மணி நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கவலையில் பாதி அதில்தான் இருக்கிறது. மூன்று நான்கு மாதக் குழந்தை பகலில் முப்பது, நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுவது குறை இல்லை. குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று சுமார் முக்கால் மணி நேரம், அது முடியும் இடத்தில் தூக்கம் லேசாகும், நமக்கு அப்படி ஆகும்போது புரண்டு படுத்துக்கொள்வோம், அவனுக்கு அது இன்னும் வரவில்லை. ஐந்து, ஆறு மாதம் வாக்கில் நிறையக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கம் தானாகவே நீளும். அதுவரை நாளைக்கு நாலு, ஐந்து குட்டித் தூக்கம் என்றால் அப்படியே இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில் மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், நான்கு முதல் பதினோரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள், இது பகலும் இரவும் சேர்த்து. உங்கள் பையன் இரவில் பத்து மணி நேரம் தூங்கினால் பகலில் அரை அரை மணியாகச் சேர்ந்தே கணக்கு வந்துவிடும். ஒரு நாள் காகிதத்தில் குறித்துப் பாருங்கள், ஆனால் ஒரே ஒரு நாள் போதும், தினமும் குறிக்க ஆரம்பித்தால் அதுவே பெரிய பாரமாகிவிடும்.

அடுத்தது நேரம். என் அனுபவத்தில் பகல் தூக்கத்தில் பெரும்பாலான சண்டை, படுக்க வைக்க வேண்டிய நேரத்தைத் தவறவிடுவதால் வருவதுதான். இந்த வயதில் பிள்ளையால் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் முழித்திருக்க முடியும், அதில் பால் குடிக்கிற நேரமும் சேர்த்தி. அதைத் தாண்டினால் களைத்துப்போய், களைப்பே அவனைத் தூங்க விடாது, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுவான், நாம் பசி என்று நினைத்து மறுபடி பாலைக் கொடுப்போம். கொட்டாவியும் கண்ணைக் கசக்குவதும் வந்தபிறகுதான் நாம் எழுகிறோம், அது பிந்திவிட்ட அடையாளம். அதற்கு முன்னால் வருகிறது ஒன்று, அதைப் பிடியுங்கள். இதுவரை உங்கள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று முகத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தையோ ஃபேனையோ வெறிக்கப் பார்ப்பான். கை கால் ஆட்டம் குறையும். புருவத்துக்கு மேலே ரோஜா நிறத்தில் லேசாகச் சிவக்கும், மாநிறக் குழந்தைக்கும் உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த நிமிடமே எழுந்து உள்ளே கொண்டுபோங்கள். குக்கரில் இன்னும் ஒரு விசில்தானே என்று நினைத்தால் அந்த ஒரு விசிலில் கை நழுவிப்போகும்.

இனி மடியிலிருந்து பாய்க்கு மாற்றுவது. சின்னக் குழந்தை தூங்க ஆரம்பித்ததும் முதலில் லேசான தூக்கம்தான் வரும், இமைக்குள் விழி ஓடும், உதடு துடிக்கும், தூக்கத்தில் சிரிக்கும், நம் பாட்டிகள் சாமி பூக்காட்டுகிறது என்பார்களே, அந்த நேரம். அப்போது கீழே விட்டால் நிச்சயம் எழுந்துவிடும். பதினைந்து இருபது நிமிடம் பொறுத்து அவன் கையை மெதுவாகத் தூக்கி விட்டுப் பாருங்கள். நனைந்த துணி மாதிரித் தொப்பென்று விழுந்தால் அயர்ந்துவிட்டான் என்று அர்த்தம். இறக்கும்போது தலையை முதலில் இறக்காதீர்கள், விழுகிற மாதிரி உணர்ந்து இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடுவான், நாலைந்து மாதம் வரை இந்தத் திடுக்கிடல் இருக்கும். முதலில் குண்டி, பிறகு முதுகு, கடைசியில் தலை. கையை உடனே உருவிவிடாமல் நெஞ்சின் மேல் ஒரு நிமிடம் கனமாக வைத்திருங்கள். கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அப்புறம் எடுங்கள்.

மாமியார் சொன்ன தூளிக்கு வருகிறேன். அவர் சொல்வது பொய் இல்லை, தூளியில் பிள்ளைகள் நன்றாகத்தான் தூங்கும். ஏன் என்று பாருங்கள். தூளி செய்வது மூன்று வேலை, ஆட்டுகிறது, உடம்பை அணைத்துப் பிடிக்கிறது, கண்ணுக்கு இருட்டாக்குகிறது. இந்த மூன்றையும் கொக்கி இல்லாமலே கொடுக்கலாம். தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடப்பது ஆட்டம். மெல்லிய மல்மல் துணியில் ஒரே சுற்றாக, இடுப்பும் காலும் மடங்கி அசைய இடம் விட்டுச் சுற்றுவது அணைப்பு. ஆனால் மூன்றரை மாதம் ஆகிவிட்டதால் இதில் கவனம் வேண்டும், புரள எத்தனிக்கிறான் என்று தெரிந்த அன்றைக்கே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும், துணிக்குள் கை மாட்டிக்கொண்டு குப்புற விழுந்தால் அவனால் திரும்ப முடியாது. இருட்டுக்கு ஜன்னலில் ஒரு கெட்டியான பெட்ஷீட் போதும். மாமியாரிடம், "அத்தை, தூளி வேண்டாம், நீங்கள் தோளில் போட்டு நடந்து தாலாட்டுப் பாடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், அவருடைய அனுபவத்துக்கும் வீட்டில் ஓர் இடம் கிடைக்கும். தால் என்றால் நாக்கு, ரோ ரோ என்று நாக்கை ஆட்டுவதால்தான் தாலாட்டு என்று பெயர். அந்த ஒரே மாதிரியான ஒலிதான் பிள்ளைக்கு வேண்டும், குரல் நன்றாக இல்லையே என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

படுக்க வைப்பது எப்போதும் மல்லாக்க, சமமான, அமுங்காத இடத்தில். தலையணை, பக்கத்துக்கு உருளைத் தலையணை, முகத்தருகே துணி, பொம்மை எதுவும் வேண்டாம். பகல்தானே, பக்கத்திலேயேதானே இருக்கிறோம் என்பதற்காக இதில் தளர்வு கிடையாது. மடியில் தூங்கும்போது உங்களுக்கே கண் சொருகினால், சோபாவில் சாய்ந்து அப்படியே தூங்கிவிடாமல் அவனைப் பாயில் விட்டுவிடுங்கள், எழுந்து அழுதாலும் பரவாயில்லை. சோபாவில் குழந்தையோடு தூங்கிப்போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

அழவிட்டுப் பழக்குவது மூன்றரை மாதத்துக்கு இல்லை. இந்த வயதில் தானாகச் சமாதானமாகும் திறன் பிள்ளைக்கு வந்திருக்காது, அழுது ஓய்ந்து தூங்கினால் அது பழக்கம் இல்லை, களைப்பு. அதற்கு மாற்றாக ஒன்று செய்யலாம். காலையில் எழுந்தபிறகு வரும் முதல் தூக்கம்தான் நாளிலேயே சுலபமாக வருவது. அந்த ஒன்றுக்கு மட்டும், முழுக்கத் தூங்குவதற்கு முன்னால், கண் பாதி மூடியிருக்கும்போதே பாயில் விட்டுத் தட்டிக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் சரிவரவில்லையா, தூக்கிக்கொள்ளுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். மற்ற தூக்கமெல்லாம் மடியிலேயே நடக்கட்டும். மடியில் வைத்திருப்பதால் பிள்ளை கெட்டுப்போய்விடும் என்று யார் சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுங்கள். அப்புறம், மாமியார் இருக்கிறாரே, மதியத் தூக்கத்துக்கு அவர் மடி, உங்களுக்குச் சூடான சோறு. இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் தாராவியில் ஒரே ரூமில் இருக்கிறோம். பேத்திக்கு ஐந்து மாதம். மேலே இரும்புக் கம்பியில் என் பழைய சேலையில் தூளி கட்டித்தான் தூங்க வைக்கிறேன், என் பிள்ளைகள் ஐந்து பேரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். டாக்டர் தூளியே கூடாது என்கிறார். கீழே விட இடம் எங்கே இருக்கிறது? பக்கத்தில் தையல் மெஷின் சத்தம் வேறு. பேரன் மதியம் ஸ்கூலிலிருந்து வந்தால் அவன் தூளியைப் பிடித்து ஆட்டுகிறான். (ஒரு பாட்டி, தாராவி)

பதில்: அம்மா, உங்களிடம் தூளியை அவிழ்த்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் போய்விட முடியாது, எறும்பும் ஈரமும் ஆள் நடமாட்டமும் உள்ள பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் அது எவ்வளவு உதவி என்று தெரியும். ஆனாலும் டாக்டர் ஏன் சொல்கிறார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சேலை தொய்ந்து குழியாகும்போது குழந்தையின் முகவாய் நெஞ்சில் போய் முட்டும். பச்சைப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லியது, கழுத்து மடங்கினால் சத்தமே இல்லாமல் மூச்சுத் திணறும், அழக்கூடச் செய்யாது. ஐந்து மாதம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது, பேத்தி குப்புற விழ ஆரம்பித்திருப்பாள், தூளிக்குள் புரண்டு முகம் துணியில் அமுங்கினால் மீள முடியாது.

அதனால் நான் சொல்வது இது. தூளி தூக்கம் வரவழைக்க மட்டும், தூங்குவதற்குப் பாய். கண் அசந்ததும் எடுத்துக் கீழே, கெட்டியாக மடித்த போர்வைமேல் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். தூளிக்கு நேர் கீழே இருக்கும் இடம் எப்படியும் காலியாகத்தானே இருக்கிறது, அதுவே அவள் இடம். மேலே குடைக் கொசுவலையைக் கவிழ்த்துவிட்டால் ஈ, எறும்பு, மழைக்காலக் கொசு எல்லாவற்றுக்கும் தடுப்பு, குறுக்கே நடப்பவர்களுக்கும் அங்கே பிள்ளை இருக்கிறது என்று தெரியும். கொசுவர்த்திச் சுருள் அந்தச் சின்ன ரூமில் வேண்டவே வேண்டாம். தூளியில் இருக்கும் பத்துப் பதினைந்து நிமிடமும் நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். மேலே குறுக்குக் கட்டை போட்டுத் துணியை விரித்து வையுங்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம். முடிச்சை ஒவ்வொரு நாளும் கையால் இழுத்துப் பாருங்கள், பழைய சேலை கம்பி உரசும் இடத்தில்தான் நைந்துபோகும். அவள் உட்காரப் பழகிவிட்டால் தூளியை மொத்தமாக அவிழ்த்துவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை.

பேரன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தூளித் துணியில் விளையாடிக் கழுத்து சுற்றிக்கொண்டு பெரிய பிள்ளைகள் இறந்த செய்திகளைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். பாப்பா தூளியில் இல்லாத நேரத்தில் துணியைச் சுருட்டி அவன் கைக்கு எட்டாத உயரத்தில் மேலே கட்டிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும். அவனுக்கு வேறு வேலை கொடுங்கள், கொசுவலையை மூடுகிற பொறுப்பு அவனுடையது என்று சொன்னால் பெருமையாகச் செய்வான்.

தையல் மெஷின் சத்தம் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே சீராக ஓடும் சத்தம் குழந்தைக்குப் பழகிவிடும், சில பிள்ளைகள் அது நின்றால்தான் எழும். திடீர் சத்தம்தான் எழுப்பும், பாத்திரம் விழுவது, கதவு அறைவது போல. சத்தம் காதுக்கு மிக அருகில் இல்லாமல், மெஷின் இருக்கும் சுவருக்கு எதிர்ப்பக்கம் அவளைப் படுக்க வைத்தால் போதும்.

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு இரண்டு மாதம். மாலிஷ் பாய் (பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட வரும் பெண்) வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நாளில் மட்டும் இரண்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரித் தூங்குகிறாள். தினமும் குளிப்பாட்டலாமா? (ஓர் அப்பா, மாட்டுங்கா)

பதில்: தாராளமாகச் செய்யலாம், மும்பை வெக்கைக்கு நல்லதும்கூட. மாலிஷ் பாய் வராத நாளில் நீங்களே தேய்த்து விடுங்கள், பத்து நிமிட வேலை, அழுத்தம் வேண்டாம். ஆனால் அவள் எழுந்து அரை மணிக்குள் எண்ணெய் தேய்ப்பு முடிந்து, குளியல், பால், ஏப்பம், படுக்கை என்று போகிற மாதிரி நேரத்தை வையுங்கள், அவளுடைய ஒரு மணி நேர முழிப்புக்குள் எல்லாம் அடங்க வேண்டும். மாலிஷ் பாய் மூன்று வீடு முடித்துப் பதினோரு மணிக்கு வந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தேய்த்தால் அன்றைய நாளே குலைந்துபோகும், அவரிடம் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது ஒன்று, மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும், வார்டில் அப்படி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். குளித்தபின் மூடிய ரூமில் சாம்பிராணிப் புகை போடுவது இன்னொன்று. தலை துவட்டி ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் வைத்தாலே முடி காய்ந்துவிடும்.

கேள்வி: பிள்ளை தூங்குவதற்கு வசம்பு உரசிக் கொடுக்கச் சொல்கிறார்கள், இன்னொருவர் கசகசா அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார், கிரைப் வாட்டர் கொடுத்தால் போதும் என்று இன்னொருவர். எது நல்லது? நான்கு மாதம். (பெயர் வேண்டாம், டோம்பிவிலி)

பதில்: மூன்றும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்திருந்தாலும் உள்ளே கொடுத்தால் வாந்தி, மயக்கம் வரும் அபாயம் உண்டு, உரசும் கல்லில் இருக்கும் கிருமி தனி. கசகசா அபினிச் செடியின் விதை, அதன்மேல் அபினியின் மிச்சம் ஒட்டியிருக்கலாம், அதைக் கொடுத்து வருகிற தூக்கம் தூக்கம் இல்லை, மூச்சு மந்தமாகிற மயக்கம். ஏற்கனவே கொடுத்து, பிள்ளை வழக்கத்தை விட அதிகமாகத் தூங்குகிறது, எழுப்பினால் சரியாக எழவில்லை, பால் இழுக்கவில்லை என்றால் என்ன கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யாரும் திட்டினால் திட்டட்டும். இருமல், சளி சிரப்பைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதும் இதே வகைதான். பிள்ளை தூங்காததற்கு நிஜமான உடம்புக் காரணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியவை வேறு: எடை ஏறுகிறதா, நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, தூங்கும்போது குறட்டையோ மூச்சு நின்று நின்று வருவதோ இருக்கிறதா. ஏதாவது சரியில்லை என்றால் டாக்டர்.

கேள்வி: இருபத்தாறு வாரம் லீவ் முடிந்து அடுத்த மாதம் வேலைக்குப் போகிறேன். பையன் பால் குடித்துக்கொண்டேதான் தூங்குவான். க்ரெஷ்ஷில் எப்படித் தூங்குவான் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. (ஓர் அம்மா, அந்தேரி)

பதில்: இப்போதே ஆரம்பித்தால் ஒரு மாதம் தாராளம். முதல் வேலை, பாலையும் தூக்கத்தையும் கொஞ்சம் பிரிப்பது. எல்லா வேளையும் வேண்டாம், பகலில் ஒரே ஒரு தூக்கத்துக்கு, அவன் எழுந்ததும் பால், பிறகு விளையாட்டு, தூக்கம் வரும் நேரத்தில் தோளில் போட்டுத் தட்டுவது என்று மாற்றுங்கள். அதுவும் நீங்கள் செய்யாதீர்கள், உங்களிடம் பால் வாசம் இருக்கும். அவனுடைய அப்பாவோ வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோ செய்யட்டும், நீங்கள் அந்த அரை மணி நேரம் கீழே சொசைட்டி காம்பவுண்டில் நடந்துவிட்டு வாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அழுவான். கையில் வைத்திருக்கும்போது அழுவது வேறு, தனியாக விட்டு அழுவது வேறு, அதனால் மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

தினமும் தூங்குவதற்கு முன் ஒரே வரிசையில் மூன்று சின்ன விஷயம் செய்யுங்கள்: நாப்கின் மாற்றுவது, திரை இழுப்பது, ஒரே பாட்டின் நாலு வரி. க்ரெஷ் ஆயாவிடமும் அதே மூன்றைச் சொல்லிக் கொடுங்கள். இடம் மாறினாலும் வரிசை மாறாவிட்டால் குழந்தை அடையாளம் கண்டுகொள்ளும். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் மதியம் ஒரு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் மல்லாக்கப் படுத்திருக்கிறார்களா, டிவி ஓடுகிறதா, எத்தனை பேருக்கு ஓர் ஆயா, வெறும் தொட்டிலில் படுக்கிறார்களா அல்லது தலையணை, போர்வை குவிந்திருக்கிறதா என்று. உங்கள் ஆபீஸில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், சட்டப்படி க்ரெஷ் வசதி இருக்க வேண்டும், நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முதல் இரண்டு வாரம் அவன் க்ரெஷ்ஷில் குறைவாகத்தான் தூங்குவான், இரவில் அதிகமாகப் பால் கேட்பான், அதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் உங்கள் தோளில் தூங்கிவிட்டால், ஆறரை மணிக்குத் தூங்கக் கூடாது என்று எழுப்பாதீர்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, லைட் போடாமல், அப்படியே இருபது நிமிடம் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.